பின்னாலிருந்து தள்ளும் கார்

உலகத்தில் உள்ள கார்களை இரண்டாகப் பிரிக்கலாம். முன்னாலிருந்து இழுத்துக்கொண்டு போகும் கார், பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகும் கார். (நாலு சக்கரமும் வேலை செய்யும் வண்டிகளை இப்போதைக்கு ஓரமாக நிறுத்திவிடலாம்.) தெருவில் பார்க்கும் சின்னக் கார்களில் ஏறக்குறைய எல்லாமே இழுக்கும் கட்சி. எஞ்சினும் முன்னால், அது சுற்றும் சக்கரமும் முன்னால். தள்ளும் கட்சியில் மிச்சம் இருப்பவை இரண்டு ஓரங்களில்தான். ஒரு ஓரத்தில் லாரி, பஸ், டாடா ஏஸ், பொலிரோ, ஆம்னி வேன். இன்னொரு ஓரத்தில் பி.எம்.டபிள்யூ த்ரீ சீரிஸ், மெர்சிடிஸ் சி கிளாஸ் போன்ற பணக்கார செடான்கள். நடுவில் இருப்பவர்கள் எல்லாரும் கட்சி மாறிவிட்டார்கள்!

வேடிக்கையாக இல்லையா? மூட்டை ஏற்றும் வண்டிக்கும் அறுபது லட்சம் ரூபாய் காருக்கும் அடிப்படை அமைப்பு ஒன்று. இந்த வேடிக்கை சென்னையில் புரியாது. புரிய வேண்டுமானால் கள்ளக்குறிச்சிக்குப் போக வேண்டும். அங்கிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாகக் கல்வராயன் மலை ஏற வேண்டும்.

கள்ளக்குறிச்சியில் ஒருவர் இப்படி ஒரு கார் வாங்கிவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம். மரவள்ளிக் கிழங்கு வியாபாரம், வயது நாற்பத்தைந்து, பெயர் வேண்டாம். அம்பாசிடரில் ஓட்டக் கற்றவர். ஐந்து வருடம் ஓடிய த்ரீ சீரிஸ் பெட்ரோல் செடான் ஒன்றைச் சென்னையில் பிடித்துவிட்டார். இரண்டு லிட்டர் டர்போ எஞ்சின், சுமார் 250 குதிரைத்திறன். வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியதும் அம்மா ஏறிப் பார்க்கிறார். "ஏண்டா, இதுல இப்படிக் குனிஞ்சு குனிஞ்சுதான் ஏறணுமா? அந்தப் பழைய அம்பாசிடரே தேவலாம்" என்கிறார். மனைவியின் கணக்கு வேறு. "ஏங்க, இந்தக் காசுக்கு ரெண்டு ஏக்கர் நெலம் வாங்கிப் போட்டிருக்கலாமே?"

இரண்டு கேள்விக்கும் அவரிடம் பதில் இல்லை. "ஓட்டிப் பார்த்தா தெரியும்" என்கிறார். ஓட்டிப் பார்த்தால் என்னதான் தெரியும்?

கொஞ்சம் பள்ளிக்கூடப் பௌதிகம் பேசலாம். ஒரு டயர் தரையைப் பிடித்துக்கொள்ளும் பிடிக்கு ஓர் எல்லை உண்டு. கையில் இருக்கும் நூறு ரூபாய் மாதிரி. அதை வண்டியை நகர்த்தச் செலவழிக்கலாம், வளைக்கச் செலவழிக்கலாம், நிறுத்தச் செலவழிக்கலாம். மொத்தம் நூறைத் தாண்டக் கூடாது. தாண்டினால் டயர் வழுக்கும். முன்சக்கர இயக்கக் காரில் முன் டயர் இரண்டும் ஒரே நேரத்தில் வண்டியை இழுக்கவும் வேண்டும், திருப்பவும் வேண்டும். இரண்டு குடும்பத்தை ஒரே சம்பளத்தில் நடத்துவது போல. வளைவில் ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் அது திரும்ப மறுத்து நேராகப் போகப் பார்க்கும். பின்சக்கர இயக்கத்தில் வேலைப் பிரிவினை உண்டு. முன் டயருக்குத் திருப்புகிற வேலை, பின் டயருக்குத் தள்ளுகிற வேலை. அதனால் ஸ்டீயரிங் சுத்தமாக இருக்கும். எஞ்சினின் இழுப்பு கைக்கு வந்து குறுக்கிடாது.

இரண்டாவது விஷயம் எடை. வண்டி வேகம் எடுக்கும்போது எடை பின்பக்கம் சாய்கிறது. பஸ் சட்டென்று கிளம்பினால் நின்றுகொண்டிருப்பவர்கள் பின்னால் சரிகிறார்களே, அதேதான். மேடு ஏறும்போதும் எடை பின்னால் போகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1600 கிலோ கார், சக்கரங்களுக்கு இடையே 2.8 மீட்டர், எடை மையம் தரையிலிருந்து 55 சென்டிமீட்டர் உயரம் என்று எடுத்துக்கொண்டால், பத்துக்கு ஒன்று என்கிற சரிவில் ஓரளவு வேகமாக (புவியீர்ப்பில் பத்தில் மூன்று பங்கு முடுக்கம்) ஏறும்போது சுமார் 125 கிலோ முன் சக்கரங்களை விட்டுப் பின் சக்கரங்களுக்கு மாறுகிறது. த்ரீ சீரிஸில் எடை முன்னும் பின்னும் ஏறக்குறைய பாதிப் பாதி. ஆகவே 800 கிலோ தாங்கிய பின் சக்கரங்கள் இப்போது 925 கிலோ தாங்குகின்றன. எடை கூடினால் பிடி கூடும். அதே எடையுள்ள முன்சக்கர இயக்கக் காரில் முன்பக்கம் 960 கிலோ இருந்தது 835 ஆகக் குறைகிறது. மேட்டில் எந்தச் சக்கரத்துக்குப் பலம் வேண்டுமோ அந்தச் சக்கரம் இலேசாகிவிடுகிறது.

அதே கணக்கை இன்னொரு பக்கமும் பார்த்துவிடுவதுதான் நியாயம். சமதளத்தில், சேற்றில் நின்றுவிட்ட வண்டி கிளம்ப வேண்டும் என்றால் 960 தான் 800-ஐ விடப் பெரியது. எஞ்சின் எடை முழுக்க மேலே உட்கார்ந்திருப்பதால் முன்சக்கர இயக்கம் அங்கே ஜெயிக்கும். இடமும் செலவும் அதற்குச் சாதகம். பின்சக்கர இயக்கத்தில் எஞ்சினிலிருந்து ஒரு நீண்ட ஷாஃப்ட் காரின் நடுவில் ஓடிப் பின் அச்சில் இருக்கும் டிஃபரன்ஷியலைச் சுற்ற வேண்டும். அந்த ஷாஃப்டுக்கு இடம் விட்டுத்தான் பின்சீட்டின் நடுவில் ஒரு திண்ணை எழும்பி நிற்கிறது. நடுவில் உட்காருபவர் காலை அகட்டித்தான் உட்கார வேண்டும். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது இந்தத் திண்ணை போயிற்று. சின்ன வண்டிக்குள் நாலு பேர் தாராளமாக உட்கார முடிந்தது. நாடே முன்சக்கரத்துக்கு மாறியதற்கு அந்த இடமும் விலையும் பெரிய காரணம்.

அதற்கு முன் இருந்த நிலைமையே வேறு. அம்பாசிடர், பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு, பிறகு வந்த கான்டெஸா, எல்லாம் பின்சக்கர இயக்கம்தான். அன்றைக்கு அதை யாரும் ஆடம்பரம் என்று சொல்லவில்லை. கார் என்றாலே அப்படித்தான்.

இந்தக் கதையில் தமிழ்நாட்டுக்குத் தனி இடம் உண்டு. சென்னையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு வரும் ஜி.எஸ்.டி. சாலையிலேயே அந்தக் கதையின் இரண்டு அத்தியாயங்கள் இருக்கின்றன.

முதல் அத்தியாயம் பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம். ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் என்ற கம்பெனி அங்கே கார் செய்தது. 1960-களில் ஹெரால்டு. இங்கிலாந்தில் அதன் பெயர் ட்ரையம்ஃப் ஹெரால்டு. 25 அடி வட்டத்துக்குள் முழுசாகத் திரும்பிவிடும் என்று அதற்குப் பெரிய பெயர். முன் சக்கரங்களுக்கு ஓட்டும் வேலை இல்லாததால் அவற்றை நன்றாக ஒடித்துத் திருப்ப முடிந்தது. கொண்டை ஊசி வளைவுக்கென்றே செய்த வண்டி மாதிரி! ஆனால் அதற்கு ஒரு கெட்ட குணமும் உண்டு. பின் அச்சு இரண்டு துண்டாக ஆடும் அமைப்பு. வேகமான வளைவில் சட்டென்று காலை எடுத்தால் பின் சக்கரம் உள்ளே மடங்கி, வண்டி வாலை வீசிவிடும்.

அதே கம்பெனி 1985-ல் துணிந்து ஒரு காரியம் செய்தது. இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1 காரை 'ஸ்டாண்டர்டு 2000' என்ற பெயரில் மெட்ராஸில் செய்ய ஆரம்பித்தது. சாதாரணக் கார் அல்ல. 1977-ல் ஐரோப்பாவின் சிறந்த கார் விருது வாங்கியது. இங்கிலாந்தில் மூன்றரை லிட்டர் வி-8 எஞ்சினுடன் போலீஸ் வண்டியாகப் பறந்தது. நீண்ட மூக்கு, பின்சக்கர இயக்கம், பின்னால் பெரிய தூக்குக் கதவு. இந்தியாவில் அதற்குள் வைத்த எஞ்சின்? 1940-களின் ஸ்டாண்டர்டு வேன்கார்டு கார் வழி வந்த இரண்டு லிட்டர் நாலு சிலிண்டர். வேன்கார்டு எஞ்சினின் நெருங்கிய உறவு அந்தக் காலத்து ஃபெர்குசன் டிராக்டரில் உழவு ஓட்டியது! சிங்கத்தின் உடம்புக்குள் உழவு மாட்டின் இருதயம். கார் விலையும் அதிகம். 1988-லேயே உற்பத்தி நின்றுபோனது. மிஞ்சிய உதிரி பாகங்களை இங்கிலாந்தில் உள்ள ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் நிறுவனம் திரும்ப வாங்கிக்கொண்டு போனது.

இரண்டாவது அத்தியாயம் அதே சாலையில் இன்னும் தெற்கே, சிங்கப்பெருமாள் கோயிலை ஒட்டிய மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில். 2007 மார்ச் 29-ல் பி.எம்.டபிள்யூ தொழிற்சாலை அங்கே திறக்கப்பட்டது. முதலில் கோர்த்தது த்ரீ சீரிஸ். ஜெர்மனியில் 1975-ல் பிறந்த அந்த வரிசைதான் 'ஸ்போர்ட்ஸ் செடான்' என்ற சொல்லுக்கே அளவுகோலாகி நின்றது. நாலு கதவு, குடும்பம் உட்காரும் இடம், ஆனால் ஓட்டுபவருக்குப் பந்தயக் கார் சுகம். ஸ்டாண்டர்டு 2000 தோற்ற இடத்திலிருந்து ஒரு மணி நேரத் தூரம்கூட இல்லை. அந்தத் தோல்விக்குக் காரணம் பின்சக்கரம் அல்ல என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

சரி, கள்ளக்குறிச்சிக்காரரிடம் திரும்பலாம். காரைக் கொண்டுவந்தாயிற்று. ஓட்டுவது எங்கே?

முதலில் தேசிய நெடுஞ்சாலை. உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து சேலம் போகும் சாலை. முன்பு 68-ஆம் எண், 2010-க்குப் பிறகு 79. நாலு வழிச் சாலையாக்கியபோது ஊர்களைச் சுற்றிப் போகும் புறவழிகளை மட்டும் இரண்டு வழியாகவே விட்டார்கள். தியாகதுருகம், கள்ளக்குறிச்சி, சின்னசேலம், ஆத்தூர் என்று ஒவ்வொரு ஊரிலும் நாலு வழி திடீரென்று இரண்டு வழியாகச் சுருங்கும். நூறில் வந்து பழகிய கால், எதிர் வண்டி அதே தடத்தில் வருவதைப் புரிந்துகொள்வதற்குள் காரியம் முடிந்துவிடும். அப்படிப் பறிபோன உயிர்கள் பல. பிறகுதான் அவற்றையும் நாலு வழியாக்கும் வேலையைக் கையில் எடுத்தார்கள். நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடி யோசித்தால் கார் 28 மீட்டர் ஓடிவிடுகிறது. எந்த பிரேக்கும் அந்த 28 மீட்டரைத் திருப்பித் தராது. இருநூற்றைம்பது குதிரையும் தராது.

அடுத்து ஊர்ச் சாலை. கரும்பு வெட்டு சீசனில் கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலைக்கு இரண்டு டிரெய்லர் கட்டிய டிராக்டர்கள் வரிசை கட்டும். சோகை தொங்கும், பின்னால் விளக்கு இருக்காது. இருட்டில் அது டிராக்டரா, சாலையே முடிந்துவிட்டதா என்று தெரியாது. அறுவடை நாளில் சோளமும் உளுந்தும் எள்ளும் சாலையில்தான் காயும். கொள்ளுச் செடியைச் சாலையில் பரப்பிவிட்டால் போகிற வண்டிகள் இலவசமாகப் போரடித்துக் கொடுத்துவிடும். லாரிக்கு அது பிரச்சினை இல்லை. தரையிலிருந்து ஒரு சாண் உயரம்கூட இல்லாத காருக்கு? தாள் அடியில் சுற்றிக்கொள்ளும், சூடான சைலன்சர் குழாயில் பட்டால் தீப்பிடிக்கவும் கூடும். தானியமணி மேல் பின் சக்கரம் ஏறும்போது ஆக்ஸிலேட்டரை மிதித்தால் வால் ஒருபக்கம் போகும்.

இங்கேதான் எலெக்ட்ரானிக்ஸ் வந்து காப்பாற்றுகிறது. 1995-ல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் பாஷ் கம்பெனியின் நிலைப்பாட்டுக் கட்டுப்பாடு வந்தது. ஸ்டீயரிங் சொல்லும் திசை ஒன்று, வண்டி போகும் திசை வேறு என்று தெரிந்த நொடியில் கம்ப்யூட்டர் ஒரே ஒரு சக்கரத்தின் பிரேக்கை மட்டும் பிடித்து வண்டியை நேராக்கும். எஞ்சினையும் அடக்கும். ஹெரால்டு காலத்து வால்வீச்சுப் பயம் பெருமளவு போனதற்கு இதுதான் காரணம். ஆனால் கம்ப்யூட்டரிடமும் இருப்பது அதே நூறு ரூபாய்தான். சரியாகப் பிரித்துச் செலவழிக்கும். நூற்றைம்பதாக்காது.

இனி மலை. கோமுகி அணையைத் தாண்டியதும் சாலை ஏறத் தொடங்குகிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு இது. ஊட்டி மாதிரிக் குளிராது, கூட்டமும் இல்லை. கடுக்காய், நெல்லி, சாமை, மரவள்ளி. வெள்ளிமலை, கரியாலூர் வரை வளைவுகள்.

நம்மவர் முதல் தடவை ஏறும்போது ஆசையாக ஸ்போர்ட்ஸ் பொத்தானை அமுக்குகிறார். அடுத்த வளைவிலேயே பஸ் ஒன்று முழுச் சாலையையும் எடுத்துக்கொண்டு இறங்குகிறது. அவ்வளவுதான், பொத்தான் பழையபடி ஆகிறது. பதினைந்து மீட்டர் ஆரமுள்ள வளைவை 30 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால் வண்டியின் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவான விசை பக்கவாட்டில் தள்ளும். 40 என்றால் ஐந்தில் நாலு பங்குக்கு மேல். வேகம் கூடியது பத்து, விசையோ ஏறக்குறைய இரண்டு மடங்கு. காய்ந்த நல்ல தார்ச்சாலையில் அதுவே எல்லைக்குப் பக்கம். மழை பெய்து சருகும் மண்ணும் படிந்த சாலையில் எல்லையைத் தாண்டியாயிற்று. பி.எம்.டபிள்யூவானாலும் பொலிரோவானாலும் இந்தக் கணக்கு ஒன்றுதான்.

அப்படியானால் அறுபது லட்சத்துக்கு என்ன அர்த்தம்? முப்பதில் போவதற்கா?

முப்பதில்தான் அவருக்கு விஷயம் பிடிபடுகிறது. வளைவுக்கு முன்பே நேர்க்கோட்டில் பிரேக் பிடித்து முடித்துவிட வேண்டும். பிறகு ஸ்டீயரிங். மூக்கு திரும்பியது கைக்குத் தெரிந்ததும் ஆக்ஸிலேட்டரை மெல்ல, முட்டை ஒன்று காலடியில் இருப்பது போல அழுத்த வேண்டும். அப்போது வண்டியின் பின்பக்கம் லேசாக உட்கார்ந்து, இடுப்புக்குப் பின்னாலிருந்து யாரோ தள்ளிவிடுகிற மாதிரி வளைவிலிருந்து வெளியே வருகிறது. திருப்புவது வேறு, தள்ளுவது வேறு என்று உடம்புக்கே தெரிகிறது. அவர் அம்மாவிடம் சொல்ல முடியாமல் விழித்தது இதைத்தான். வேகமானியில் அது தெரியாது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியாது. வாந்தி வேண்டுமானால் வரும்.

மலையில் அவருக்குப் பின்னால் ஏறி வருவது மரவள்ளிக் கிழங்கு ஏற்றப் போகும் மினி லாரி. ஓட்டும் பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். அவன் பௌதிகம் படித்தவன் அல்ல. ஆனால் வளைவுக்கு முன் கியர் குறைப்பதும், மூக்கு திரும்பிய பிறகு மிதிப்பதும், இறங்கும்போது நியூட்ரலில் விடாமல் எஞ்சினையே பிரேக்காகப் பிடித்து வருவதும் அவனுக்குக் கைவந்த வேலை. லோடு இருந்தால் பின் சக்கரம் நன்றாகப் பிடிக்கும், காலி வண்டி மழையில் வழுக்கும் என்பதும் தெரியும். கம்பெனிக்காரன் புத்தகத்தில் ஆடம்பரமாக அச்சடித்து விற்கும் சங்கதி அந்தப் பையனுக்கு அன்றாடக் கூலி வேலை. அவன் வண்டியில் நிலைப்பாட்டுக் கட்டுப்பாடு கிடையாது என்பதுதான் பெரிய வித்தியாசம். தவறினால் திருத்த யாரும் இல்லை.

ஒருநாள் பின்பக்கம் ஏதோ உறுமல் சத்தம். கள்ளக்குறிச்சியில் அந்தக் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற ஒர்க்‌ஷாப் இல்லை. சென்னை 240 கிலோமீட்டரை ஒட்டிய தூரம். தெரிந்த லாரிப் பட்டறையில் காட்டுகிறார். மேஸ்திரி அடியில் புகுந்து பார்த்துவிட்டுச் சிரிக்கிறார். "அண்ணே, இது நம்ம லாரி மாதிரிதாண்ணே. நடுவுல ஷாஃப்டு ஓடுது, பின்னாடி கிரவுன் இருக்கு பாருங்க. சின்னதா அழகா பண்ணி வெச்சிருக்கான், அவ்ளோதான்." சத்தம் எங்கே என்று அவரால் சொல்லிவிட முடிகிறது. ஆனால் கை வைக்க மாட்டேன் என்கிறார். கம்ப்யூட்டரில் செருகிப் பார்க்காமல் இதில் ஒரு போல்ட்கூடக் கழற்றக் கூடாது என்று அவருக்குத் தெரியும். நோய் தெரியும், மருந்து வேறு ஊரில்! கடைசியில் கார் டோ வண்டியில் ஏறிப் போகிறது.

வைத்திருப்பதன் கணக்கும் சொல்ல வேண்டும். புது வண்டியாக 60 லட்சத்துக்கு வாங்கினால், 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள காருக்குத் தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் நிர்ணயித்த வாழ்நாள் வரி 20 சதவீதம், அதாவது 12 லட்சம். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம். பின் டயர்கள் தள்ளித் தள்ளிச் சீக்கிரம் தேயும். ஸ்டெப்னி இல்லாத மாடல்கள் பல. அதற்குப் பதில் காற்றுப் போனாலும் ஓடும் ரன்-ஃப்ளாட் டயர். 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மிகாமல் ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தூரம் போகலாம் என்பது கணக்கு. நல்ல சாலைக்கு அது சரி. மலைமேல் ஒரு குழியில் பக்கச் சுவர் கிழிந்துவிட்டால் எந்த ரன்-ஃப்ளாட்டும் உதவாது. வெள்ளிமலைப் பஞ்சர் கடையில் அந்த சைஸ் டயர் கிடைக்காது.

பெட்ரோலிலும் ஊர் சம்பந்தம் உண்டு. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். கரும்பிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் எடுப்பது. கள்ளக்குறிச்சி வயல்களில் நிற்கும் அதே பயிர்கள். எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு என்பதால் மைலேஜ் கொஞ்சம் இறங்கும். பழைய வண்டிக்காரர்கள் எரிபொருள் மூடியின் உள்பக்கம் என்ன அச்சிட்டிருக்கிறது என்று ஒரு தடவை படித்துப் பார்ப்பது நல்லது.

இதையெல்லாம் அவர் தாங்கிக்கொள்வார். அவர் பணம், அவர் ஆசை. ஆனால் அந்த மலைச் சாலை அவருடையது மட்டும் அல்ல.

கல்வராயன் மலையில் வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடிகள். (கேரளத்துக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்த தமிழ்ப் பெயர்.) ஜாகிர்தார்களின் பிடியில் இருந்த இந்த மலை 1976-ல்தான் முழுசாக அரசின் கைக்கு வந்தது. சாலை, பள்ளி, ஆஸ்பத்திரி எல்லாமே மற்ற ஊர்களைவிட ஒரு தலைமுறை தாமதம். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனது. 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்தது. 2024 ஜூனில் கள்ளச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோதுதான் நாடு இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது. அதற்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கு எடுத்து, கல்வராயன் மலை மக்களுக்குச் சாலை உட்பட அடிப்படை வசதிகள் ஏன் இல்லை என்று அரசைக் கேட்டது.

சாலை நன்றாக இருக்கும் இடத்தில் இந்தக் காருக்குச் சுகம். சாலை முடிகிற இடத்தில் காரும் நின்றுவிடும். அதற்கு அப்பால் உள்ள ஊர்களில் பிரசவ வலி கண்ட பெண்ணைக் கொண்டுவர ஜீப்பும் பிக்கப்பும்தான். சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றக் கூடாது என்பது சட்டம். வேறு வண்டி வராத ஊரில் அந்தச் சட்டத்தை யார் வாயால் சொல்வது? ஒரு மீட்டர் அகலம் கூடுதலாகத் தார் போடுவது, வளைவில் ஒரு குவிகண்ணாடி வைப்பது, ஓரத்தில் தடுப்புச் சுவர் எழுப்புவது, இவையெல்லாம் ஸ்போர்ட்ஸ் செடான்காரருக்கு ஓட்டும் இன்பம் கூட்டும் விஷயங்கள். மலைக்காரருக்கு உயிர்.

ஒருநாள் சாயங்காலம் அவர் இறங்கி வரும்போது அப்படி ஒரு பிக்கப் பின்னால் ஹார்ன் அடித்துக்கொண்டே வருகிறது. பின்னால் பாயில் யாரோ படுத்திருக்கிறார்கள், இரண்டு பெண்கள் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர் ஓரம் கட்டி வழிவிடுகிறார். பிக்கப் போகிறது. வளைவுக்கு முன் கியர் குறைத்து, மூக்கைத் திருப்பி, பிறகு மிதித்து... அவர் ஸ்போர்ட்ஸ் காரில் படித்த பாடம் ஒன்றுவிடாமல் அப்படியே. அன்றைக்கு அந்த மலையில் மிக நன்றாக ஓட்டப்பட்ட பின்சக்கர இயக்க வண்டி அதுதான்.

அந்தப் பின்சக்கர செடானும் இனி எத்தனை நாள் இருக்கும் என்று சொல்வதற்கில்லை. பி.எம்.டபிள்யூவே தன் சின்ன மாடல்களை முன்சக்கரத்துக்கு மாற்றிவிட்டது. 2021-ல் இந்தியாவுக்கு வந்த எம்.340.ஐ. என்ற சக்தி வாய்ந்த த்ரீ சீரிஸ் நாலு சக்கர இயக்கம். மின்சாரக் கார்களில் மோட்டாரைப் பின் அச்சிலேயே வைத்துவிடலாம் என்பதால், ஷாஃப்டும் திண்ணையும் இல்லாமல் தள்ளும் கட்சி வேறு வழியில் திரும்பி வந்துகொண்டிருக்கிறது. எது வந்தாலும் நூறு ரூபாய்ப் பிடிக் கணக்கு மாறப்போவதில்லை.

இப்படி ஒரு கார் வாங்கும் வசதி யாருக்காவது வந்தால் தாராளமாக வாங்கட்டும். கல்வராயன் மலைக்கும் போகட்டும். முப்பதிலேயே வேண்டிய சுகம் கிடைக்கிறது. ஏறி வருகிற வண்டிக்கு வழிவிட்டு, இரவில் எதிரே யாராவது வந்தால் ஹெட்லைட்டைத் தாழ்த்தி ஓட்டட்டும். திரும்பி வந்ததும் அம்மாவை ஒரு தடவை முன் சீட்டில் உட்கார வைத்து, சீட்டை மேலே தூக்கிக் கொடுக்கட்டும். அதற்கும் அந்தக் காரில் ஒரு பொத்தான் இருக்கிறது.